கப்பல் ஏறாத சதை: பாடங்களை இணைத்துக் கற்பித்த ஓர் ஆண்டு

சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மலேசியாவின் பினாங்குத் தீவில் நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு வகுப்பில், பத்து ஜாதிக்காய்ப் பழங்களை மேசைமேல் பரப்பி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையலறைத் தராசை நடுவில் வைத்தேன். பழங்கள் தீவின் மறுபக்கத்து ஊரான பாலிக் புலாவில் முதல் நாள் பறித்தவை. வெளிர்மஞ்சள் தோலில் ஒரு கோடு மேலிருந்து கீழே ஓடியது. இரண்டு பழங்கள் அந்தக் கோட்டில் தாமாகவே வெடித்து, உள்ளேயிருந்த சிவப்பைக் காட்டிக்கொண்டிருந்தன. பதினெட்டு மாணவர்களில் நால்வர் மட்டுமே ஜாதிக்காயை முழுப் பழமாக முன்பு பார்த்திருந்தார்கள். மற்றவர்களுக்கு அது கடைகளில் கண்ணாடிக் குவளையில் வரும் சாறு, அல்லது பாட்டி உரசிக் கொடுக்கும் மருந்து.

பழங்களைப் பிளந்து, சதையைத் தனியாகவும், கொட்டையை மூடியிருக்கும் சிவந்த ஜாதிபத்திரியைத் தனியாகவும், ஓட்டுடன் கூடிய கொட்டையைத் தனியாகவும் பிரித்து நிறுத்தோம். மொத்தம் 638 கிராம். அதில் சதை 509, கொட்டை 103, பத்திரி 26. இதை மாணவர்கள் பின்னமாகவும் விழுக்காடாகவும் மாற்றிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் அமரும் மாணவன் ஒருவன் கையை உயர்த்தி, "டீச்சர், அஞ்சுல நாலு பங்கு சதைதானே இருக்கு, அப்புறம் எதுக்கு அந்தச் சின்ன சிவப்புத் தோலுக்காகச் சண்டை போட்டாங்க?" என்று கேட்டான். முந்தைய வாரம் வரலாற்றுப் பாடவேளையில் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் வாசனைப் பொருள்களுக்காக மோதிக்கொண்டதைப் பற்றிப் பேசியிருந்தோம். அவன் கணக்குப் புத்தகத்தில் எழுதிய எண்ணிலிருந்து வரலாற்றுக் கேள்வி பிறந்தது. கலைத்திட்ட ஒருங்கிணைப்பு என்று நாங்கள் பயிற்சிப் பட்டறைகளில் பேசுவது எதுவோ, அது என் வகுப்பில் உண்மையாக நிகழ்ந்ததாக நான் கருதும் முதல் கணம் அதுதான்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரித்து வைத்த மூன்றையும் அப்படியே மூன்று தட்டுகளில் இட்டு, வகுப்பறைச் சன்னலோரம் வைக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் சதையில் பூஞ்சணம் பூத்தது. ஐந்தாம் நாள் மணம் தாளாமல் வெளியே கொட்டினோம். பத்திரியோ நாளுக்கு நாள் சுருங்கி, குருதிச் சிவப்பிலிருந்து ஆரஞ்சு நிறத்துக்கு மாறி, இரண்டு வாரங்களில் 26 கிராமிலிருந்து 11 கிராமாகக் குறைந்து, ஆனால் கெடாமல் முன்பைவிட மிகுந்த மணத்துடன் கிடந்தது. அந்த எடைக் குறைவை அவர்கள் நாள்தோறும் குறித்துக் கோட்டு வரைபடமாக வரைந்தார்கள். வரைபடத்தின் கோடு கிடைமட்டமாகத் தட்டையான நாளில் ஒரு மாணவி விடையைக் கண்டுபிடித்தாள்: சதை கப்பலில் போயிருக்க முடியாது, ஐரோப்பாவை அடைவதற்குள் அழுகிப்போயிருக்கும், காய்ந்தாலும் கெடாததுதான் கப்பல் ஏறியது. அடுத்து அவர்களே ஒருபடி மேலே போனார்கள். ஏறாத சதை எங்கே போயிற்று? அது மரம் நின்ற ஊரிலேயே தங்கிவிட்டது. அதனால்தான் பினாங்கில் நாம் ஜாதிக்காயின் சதையைச் சாறாகவும், சர்க்கரையில் ஊறவைத்தும், உப்பில் ஊறவைத்தும் தின்கிறோம். உலகின் பெரும்பகுதிக்கு ஜாதிக்காய் என்றால் கொட்டை மட்டுமே.

இதில் எது அறிவியல், எது கணிதம், எது வரலாறு என்று பிரித்துக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியும்; ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் உரிய கற்றல் தரத்தை, அதாவது மாணவர் அடைய வேண்டிய இலக்கை, நாள் பாடத்திட்டத்தில் எழுதியிருந்தேன். மாணவர்களுக்கு அந்தப் பிரிவு தேவைப்படவில்லை. ஒரு கேள்வி அவர்களைப் பிடித்துக்கொண்டது; அதற்கு விடைகாண எந்தப் பாடத்தின் கருவி வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்துக்கு வந்துசேர எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. பாடங்களை இணைக்க வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1983இல் நாடெங்கும் அறிமுகமான கேபிஎஸ்ஆர் என்ற தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தின் கீழ், நான் 1988இல் நான்காம் ஆண்டில் பயின்றபோது, எங்களுக்கு 'ஆலாம் டான் மனுசியா' என்றொரு பாடம் இருந்தது. அறிவியல், வரலாறு, புவியியல், சுகாதாரம் எல்லாவற்றையும் இயற்கையும் மனிதனும் என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்த பாடம் அது. எண்ணம் உயர்ந்தது, அதை வகுத்தவர்கள் மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் மாணவியாக என் நினைவில் நிற்பது வேறு. சில பக்கங்கள் தாவரத்தைப் பற்றி இருக்கும். பக்கத்தைத் திருப்பினால் மலாக்காவின் வரலாறு வரும். அதன்பின் பற்களைத் துலக்கும் முறை வரும். தாவரத்திலிருந்து மலாக்காவுக்குப் போக வழி எதுவும் இல்லை. இணைப்பு நூலின் அட்டையில் இருந்தது, உள்ளே இல்லை. 1990களின் நடுவில் அந்தப் பாடம் நீங்கி, அறிவியலும் வட்டார ஆய்வும் தனித்தனிப் பாடங்களாயின.

ஆசிரியரான பின் நானே அந்தத் தவற்றைச் செய்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் 'தண்ணீர்' என்ற கருப்பொருளை எடுத்து, ஒரு மாதம் முழுவதும் எல்லாப் பாடங்களிலும் தண்ணீரைக் கொண்டுவந்தேன். தமிழ்மொழியில் மழையைப் பற்றிக் கட்டுரை, கணிதத்தில் வாளிகளின் கொள்ளளவு, காட்சிக்கலையில் நீர்வண்ண ஓவியம், இசைக்கல்வியில் மழைப்பாட்டு. சுவர் முழுவதும் நீலத் தாள்கள். பார்வையிட வந்தவர்கள் பாராட்டினார்கள். மாத இறுதியில் நான் வைத்த எளிய சோதனையில், வகுப்பில் பாதிப்பேருக்குப் பகுதியெண் வேறுபட்ட இரு பின்னங்களைக் கூட்டத் தெரியவில்லை. அந்த மாதம் கற்றிருக்க வேண்டிய பாடம் அது. தண்ணீரை எல்லாவற்றிலும் தேடிய அவசரத்தில், தண்ணீரோடு ஒட்டாதவற்றை ஒதுக்கியிருந்தேன். மேலும், அந்த மாதம் முழுவதும் ஒரு மாணவராவது ஒரு பாடத்தில் கற்றதை இன்னொரு பாடத்தில் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. தண்ணீர் என்ற சொல்தான் எல்லாப் பாடங்களிலும் வந்துபோனது.

அதன்பிறகு எனக்கென ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டேன். ஒரு பாடத்தில் கிடைத்த விடை, இன்னொரு பாடத்தின் கேள்வியாக மாற வேண்டும். மாறாவிட்டால் அந்த இரண்டையும் இணைக்க எனக்கு உரிமை இல்லை. ஜாதிக்காயைப் பற்றித் திரைப்பட மெட்டில் ஒரு பாட்டு எழுதிப் பாடலாம் என்று உடன்பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் அன்போடு சொன்னார். அந்தப் பாட்டினால் மாணவர்களின் சுருதியோ தாளமோ மேம்படுமா என்று யோசித்துப் பார்த்து, வேண்டாம் என்றேன். ஜாதிக்காய் என்ற சொல் பாட்டுக்குள் வருவதால் அது இசைக்கல்வி ஆகிவிடாது. இசைக்கு அந்த மாதமும் தனிப் பாடவேளையே இருந்தது. அங்கே அவர்கள் ரெக்கார்டர் என்னும் குழலை வாசித்தார்கள். வலிமிகும் இடங்களையும் அப்படியே தனியாகத்தான் நடத்தினேன். பயிற்சியால் மட்டும் கைவரும் திறன்களுக்கு அவற்றுக்கே உரிய நேரமும் அமைதியும் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பின்லாந்து பாடங்களை ஒழித்துவிட்டது என்ற செய்தி நம் ஆசிரியர் குழுக்களில் அவ்வப்போது வலம்வருவதைப் பார்க்கிறேன். அது உண்மையன்று. 2016 ஆகஸ்டில் அங்கே நடைமுறைக்கு வந்த கலைத்திட்டம், பல பாடங்களைத் தழுவிய கற்றல் அலகு ஒன்றேனும் ஒவ்வோர் ஆண்டும் மாணவருக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. மற்ற நேரங்களில் கணிதம் கணிதமாகவும் தாய்மொழி தாய்மொழியாகவும் நடக்கின்றன. ஆண்டுக்கு ஒன்று என்பது நமக்கும் எட்டக்கூடிய அளவு. நான் இப்போது ஆண்டுக்கு இரண்டு அலகுகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜாதிக்காயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது நம் தீவின் பொருள் என்பதுதான். ஆனால் அது நம் தீவுக்கே உரிய மரமும் அன்று. அதன் தாயகம் இந்தோனேசியாவின் கிழக்கே உள்ள பாண்டா தீவுகள். 1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கைக்கொண்ட பின், 1796இல் ஆங்கிலேயர் பாண்டாவைப் பிடித்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி அங்கிருந்து ஆயிரக்கணக்கான நாற்றுகளைப் பினாங்குக்கு அனுப்பச் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கே தோட்டங்கள் செழித்தன. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் நோய் தாக்கிப் பெரும்பாலானவை அழிந்தன. இன்று பாலிக் புலாவ், தெலுக் பாஹாங் பக்கங்களில் எஞ்சியிருக்கும் மரங்களின் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது. ஐந்தாம் ஆண்டு வரலாற்றில் அந்நிய சக்திகளின் தலையீடு பாடமாக வருகிறது. அதை ஒரு பட்டியலாக மனனம் செய்வதற்கும், கையில் பிளந்த பழத்தோடு கற்பதற்கும் வேறுபாடு மிகுதி.

இங்கே ஒரு கடினமான இடமும் வந்தது. 1621இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை பாண்டாத் தீவுகளைக் கைப்பற்றியபோது, அத்தீவு மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர், அல்லது தப்பியோடினர். பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு இரவுகள் யோசித்தேன். சொல்லாமல் விட்டால், அந்தப் பையன் கேட்ட 'எதுக்குச் சண்டை' என்ற கேள்விக்குப் பாதி விடைதான் கிடைக்கும். எனவே கொடூரங்களை விவரிக்காமல், நடந்ததை நடந்தபடி சில வாக்கியங்களில் சொன்னேன். தராசுத் தட்டில் கிடந்த 11 கிராம் பத்திரியைப் பார்த்துக்கொண்டு வகுப்பு சற்று நேரம் பேசாமல் இருந்தது. அன்றைய நன்னெறிக் கல்விப் பாடவேளையில் நான் கொண்டுவந்திருந்த பயிற்சித்தாளை எடுக்கவே இல்லை; அவர்களாகவே பேசினார்கள். 1667இல் பிரேடா உடன்படிக்கையின்படி, பாண்டாத் தீவுகளில் ஒன்றான, நீளத்தில் மூன்று கிலோமீட்டர் அளவேயான ரூன் தீவு டச்சுக்காரர்களிடமும், இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஆங்கிலேயர்களிடமும் நிலைபெற்றன என்ற செய்தி மறுநாள் வந்தபோது, வரைபடத்தில் இரண்டையும் அளந்து பார்க்க அடிகோல் கேட்டது அவர்கள்தான்.

அறிவியலில் எங்களை நெடுநேரம் பிடித்து நிறுத்தியது பத்திரியின் நிறம். விதைப் பரவல் பாடத்தில் நீர், காற்று, விலங்கு, வெடித்தல் என்று நான்கு வழிகளைச் சொல்லிக்கொடுப்போம். பழம் வெடிக்கிறது என்பதால் ஜாதிக்காய் வெடித்துப் பரவுகிறது என்று பாதி வகுப்பு சொன்னது. அப்படியானால் கொட்டை எவ்வளவு தூரம் தெறித்தது என்று கேட்டேன். தெறிக்கவில்லை, அது பழத்திலேயே உட்கார்ந்திருந்தது. பழம் வெடிப்பது கதவைத் திறப்பது போன்றது, உள்ளே இருக்கும் சிவப்பு யாரையோ அழைக்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்துசேர ஒரு முழுப் பாடவேளை, அதாவது முப்பது நிமிடம், ஆனது. பெரிய வாயுள்ள காட்டுப்புறாக்களும் இருவாச்சிப் பறவைகளும் அந்தச் சிவப்புக்காகக் கொட்டையை விழுங்கி, பத்திரியைச் செரித்துக் கொட்டையைத் தொலைவில் உமிழ்ந்துவிடுகின்றன. பறவையை ஈர்க்க மரம் செய்துவைத்த அதே சிவப்புதான் கப்பல்களையும் ஈர்த்தது என்று ஒரு மாணவி தன் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். அந்த வரியை நான் திருத்தவில்லை, அடிக்கோடிட்டேன்.

தமிழ்மொழிப் பாடத்தைத்தான் இணைப்பதில் எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். எதைப் பற்றியும் கட்டுரை எழுதச் சொல்லலாம் அல்லவா? அதனாலேயே மொழிப்பாடம் மற்றப் பாடங்களுக்கு ஏவலாளாகிவிடும் ஆபத்து இருக்கிறது. நம் பள்ளிகளில் தன்கதை என்ற கட்டுரை வகை உண்டு. 'நான் ஒரு பேனா' என்று தொடங்கினால், தொழிற்சாலையில் பிறந்து, லோரியில் ஏறி, கடையில் அடுக்கப்பட்டு, ஒரு சிறுவனால் வாங்கப்பட்டு, இறுதியில் குப்பைத் தொட்டியில் விழும்வரை எல்லாரும் ஒரே கதையைத்தான் எழுதுவார்கள். அந்த வார்ப்பை உடைக்க வழி தெரியாமல் பல ஆண்டுகள் திண்டாடியிருக்கிறேன். இம்முறை, பழத்தின் எந்தப் பகுதியாக இருந்து பேசுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன். சதையாக எழுதியவர்கள் பின்தங்கியவர்களின் கதையை எழுதினார்கள். கொட்டையாக எழுதியவர்கள் பயணத்தை எழுதினார்கள். "நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். என் அக்காளுக்கும் எனக்கும் வெயில் ஒத்துக்கொண்டது. தம்பிக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒரு கட்டுரை தொடங்கியது. எழுதியவள் வழக்கமாக எட்டு வரிகளைத் தாண்டாதவள். அன்று ஒன்றரைப் பக்கம் எழுதினாள்.

சொல்வளத்துக்கும் அந்தப் பழம் இடம் தந்தது. தக்கோலம், ஏலம், இலவங்கம், கருப்பூரம், சாதிக்காய் ஆகிய ஐந்தையும் ஐவகை வாசம் என்று நம் முன்னோர் தொகுத்து வைத்திருக்கிறார்கள். இந்த ஐந்தில் எவை தமிழ்நாட்டு மலைகளில் விளைந்தவை, எவை கடல் கடந்து வந்தவை என்று வகைப்படுத்தச் சொன்னபோது, ஒரு சொல்தொகுதி வணிக வரைபடமாக மாறியது. பாலிக் புலாவில் தோட்டத்தைக் காட்டிய சீனப் பெரியவரிடம் மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளை மலாய்மொழி ஆசிரியர் தம் வகுப்பில் தயாரித்துக் கொடுத்தார். மலாயில் கேட்டு, விடையைத் தமிழில் குறித்து வந்தார்கள். மூன்று மொழிகளோடு வளரும் நம் பிள்ளைகளுக்கு அது ஒரு சுமை என்றே எப்போதும் பேசப்படுகிறது. அந்தத் தோட்டத்தில் அது அவர்களுக்குக் கருவியாக இருந்ததைக் கண்ணால் கண்டேன்.

செயல்முறையைப் பற்றிக் கேட்கும் ஆசிரியர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். விடுமுறையில் மாஜோங் தாள் எனப்படும் பெரிய வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து, ஐந்து பாடங்களின் கலைத்திட்ட ஆவணங்களிலிருந்து அந்தப் பருவத்துக்குரிய கற்றல் தரங்களை வெட்டி ஒட்டினேன். பிறகு பென்சிலால் கோடு போட்டேன். ஒரு தரத்தின் விடை இன்னொன்றின் கேள்வியாகும் இடங்களில் மட்டும். முப்பத்தொரு தரங்களில் பன்னிரண்டுதான் அப்படி இணைந்தன. மற்ற பத்தொன்பதையும் வழக்கம்போலவே நடத்தினேன். துணைத் தலைமையாசிரியரிடம் பேசி, மூன்று வாரங்களுக்குக் கணிதத்தையும் அறிவியலையும் அடுத்தடுத்த பாடவேளைகளாக மாற்றிக்கொண்டேன். வகுப்புசார் மதிப்பீட்டில், ஒரே எடைப் பதிவேட்டை இரு பாடங்களுக்கும் சான்றாகக் கொண்டேன்; ஆனால் அடைவுநிலையை ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகவே தீர்மானித்தேன். ஆர்வமாகப் பேசிய மாணவனுக்கு விழுக்காடு தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

நம் தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 மாணவர்களுக்கும் குறைவானவை. இதைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். ஒரே ஆசிரியர் ஒரே வகுப்புக்கு மூன்று நான்கு பாடங்களை நடத்தும் நிலை பணிச்சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் பாடங்களை இணைப்பதற்கு அதைவிட வாய்ப்பான அமைப்பு வேறில்லை. பெரிய பள்ளியில் ஐந்து ஆசிரியர்கள் கூடி உட்கார நேரம் தேட வேண்டிய வேலையை, சிறிய பள்ளியில் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் முடித்துவிடலாம்.

பெற்றோரின் கவலையையும் நான் எளிதாக ஒதுக்கவில்லை. ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த யுபிஎஸ்ஆர் பொதுத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டாலும் அதன் பழக்கம் வீடுகளை விட்டு அகலவில்லை. "ஜாதிக்காயை நறுக்கிக்கிட்டு இருந்தா புத்தகம் எப்போ டீச்சர் முடியும்?" என்று ஒரு தாய் என்னைக் கேட்டார். அவர் கேட்டது நியாயம். தண்ணீர் மாதத்தில் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்திருக்காது. இம்முறை மகளின் கணிதப் பயிற்சி நூலையும் எடைப் பதிவேட்டையும் அருகருகே வைத்துக் காட்டினேன். பாடநூலில் அந்த மாதத்துக்குரிய விழுக்காட்டுப் பகுதி முழுவதும் முடிந்திருந்தது. அவர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, தம் மாமியார் ஜாதிபத்திரியை எப்படிக் காயவைப்பார் என்று மகளிடமே சொல்லத் தொடங்கினார்.

2027இல் புதிய கலைத்திட்டம் தொடங்கப்படும் என்று அமைச்சு அறிவித்திருக்கிறது. இணைப்பு என்ற சொல் அதை ஒட்டிய உரைகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. நூல்கள் எப்படி வரினும், அட்டையைத் திறந்தபின் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு வழி இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பத்துக் கொட்டைகளில் ஐந்தைக் காயவைக்காமல் புதிதாகவே நட்டோம்; மற்ற ஐந்தை நன்கு காய்ந்தபின் நட்டோம். காய்ந்தவற்றில் ஒன்றுகூட முளைக்கவில்லை. புதியவற்றில் இரண்டு, ஏழாம் வாரத்தில் முளைவிட்டன. ஒன்றைப் பூனை கிளறிவிட்டது. மற்றொன்று சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால், கூரை நிழலில், இப்போது என் முழங்கால் உயரம் நிற்கிறது. ஜாதிக்காயில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. பூக்கும்வரை எது எதுவென்று பார்த்துச் சொல்ல முடியாது, அதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் நட்டவர்கள் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவத்தை முடித்திருப்பார்கள். எனவே பதிவேட்டை யாரிடம் கொடுப்பது என்று ஆறாம் ஆண்டு வகுப்பு சென்ற வாரம் வாக்கெடுப்பு நடத்தி, நான்காம் ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைத்தது. உயரம், இலைகளின் எண்ணிக்கை, மழையளவு ஆகியவற்றுக்கு நேரே எண்கள் நிரம்பியிருக்கின்றன. பால் என்ற கட்டத்தில் ஒரு கேள்விக்குறியைப் பென்சிலால் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.